போதும் என்று சொன்ன துவரை

பூவாத்தாவுக்குப் புழு வளர்க்கிற வேலை. துவரை போட்ட விவசாயிகள் அத்தனை பேரும் காய்ப்புழுவை எப்படி ஒழிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, ஊசிக்கரடு பயறு ஆராய்ச்சி நிலையத்தில் அவள் ஒருத்தி மட்டும் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கடலை மாவையும் ஈஸ்ட்டையும் கிளறி, ஆறவைத்து, அல்வா மாதிரி வில்லை போட்டு, கிண்ணத்துக்கு ஒரு புழுவாகக் குடிவைப்பாள். காய்ப்புழுவுக்கு அக்கம்பக்கம் ஆகாது. இரண்டை ஒன்றாகப் போட்டால் மறுநாள் காலையில் ஒன்றுதான் இருக்கும். அதுவும் கொஞ்சம் குண்டாக இருக்கும்.

புதிய துவரை ரகம் எதுவானாலும் வயலுக்குப் போவதற்கு முன்னால் இந்தப் புழுக்களிடம்தான் பரீட்சைக்கு வரும். புழு தின்றால் ரகம் ஃபெயில். புழு செத்தால் பாஸ். இருபத்திரண்டு வருடத்தில் பூவாத்தா பார்த்த ரகங்கள் அனைத்தும் ஃபெயில்.

மார்கழி மாதத்தில் ஒரு காலை, அவள் தட்டு நிறையக் கிண்ணங்களோடு டாக்டர் தெய்வசிகாமணியின் அறைக்கு வந்தாள்.

“சார், உங்க பதினாலாம் நெம்பர்ல விட்ட புழுவுங்க... ஒண்ணும் சாகலீங்க.”

தெய்வசிகாமணியின் முகம் தொங்கிப்போனது. அவர் பயிர் மரபியல் விஞ்ஞானி. பதினாலாம் நம்பர் துவரை அவருடைய பதினோரு வருட உழைப்பு. “தின்னு தீத்துடுச்சா?”

“திங்கவும் இல்லீங்க.”

“சாகவும் இல்ல, திங்கவும் இல்ல. அப்புறம் என்னதான் பண்ணுது?”

“சும்மா உக்காந்திருக்குதுங்க. பந்தியில நல்லா உண்டுபோட்டு எந்திரிச்ச ஒறம்பரைச் சனமாட்ட.”

அவர் லென்ஸை எடுத்துக் குனிந்தார். ஒவ்வொரு காயிலும் ஒரே ஒரு கடி. பக்கத்தில் புழு, மெலிந்து, ஆனால் எந்தக் கவலையும் இல்லாமல் படுத்திருந்தது.

“இந்தக் கிண்ணத்துல ரெண்ட ஒண்ணாப் போட்டுப் பாத்தனுங்க” என்றாள் பூவாத்தா. “ரெண்டு நாளாச்சு. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுட்டுக் கெடக்குதுங்க. எனக்கே பயமாப் போச்சு.”

தெய்வசிகாமணி நிமிர்ந்தார். பிறகு, அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டிராத வகையில், மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“பூவாத்தா, இது விஷத்தவிடப் பெரிய சங்கதி. காட்டுத் துவரையிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து இதுல வெச்சோமில்ல? அது ஒரு புரதத்தை உண்டாக்குது. புழு ஒரு கடி கடிச்சதும் அந்தப் புரதம் குடலுக்குள்ள போய், ‘வயிறு நிறைஞ்சுடுச்சு, போதும்’னு மூளைக்குச் சேதி அனுப்புது. புழு எந்திரிச்சிடுது.”

“வயிறு நெறையாமயே?”

“நிறையாமயே.”

பூவாத்தா தட்டைப் பார்த்தாள். “அது பொய்யில்லீங்களா, சார்?”

“ரசாயனத்துல பொய் நிஜம் எல்லாம் கிடையாது. இது வெறும் சேதி” என்றார் தெய்வசிகாமணி. அப்போது அது நல்ல பதிலாகத்தான் அவருக்குத் தோன்றியது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எலிகளுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு நோய் எதுவும் வரவில்லை. கொஞ்சம் மெலிந்தன. ‘எலிகள் கட்டான உடலுடன், சண்டை சச்சரவின்றிக் காணப்பட்டன’ என்று அறிக்கை எழுதப்பட்டது. வேக வைத்தால் அந்தப் புரதம் எப்படியும் சிதைந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். விதைக் குழு ஒப்புதல் கொடுத்தது. தலைமை அலுவலகத்தின் இயக்குநர் ஞானப்பிரகாசம் அதற்கு ‘நிறைவு-1’ என்று தானே யோசித்துப் பெயர் வைத்தார். இரண்டே பருவத்தில் மூன்று வட்டாரங்கள் முழுக்க நிறைவு-1 காய்த்துத் தொங்கியது. ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. ஒரு காயில் ஓட்டையில்லை. விவசாயிகள் தெய்வசிகாமணியை மாலை போட்டு டிராக்டரில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அவர் எண்பத்தெட்டு கிலோ. டிராக்டர் தாங்கியது.

அந்த எண்பத்தெட்டு கிலோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெய்வசிகாமணி சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவர். சுற்று வட்டாரத்தில் கல்யாணச் சமையல்காரர்கள் உலை வைப்பதற்கு முன்னால், “டாக்டர் வாராருங்களா?” என்று கேட்டுக்கொள்வார்கள். அவர் மனைவி கோகிலவாணி அதற்கு ஈடுகொடுத்துச் சமைப்பவள். அவர் மூன்றாம் முறை சாம்பார் கேட்காவிட்டால் அவளுக்கு அன்றைய தினம் முடிந்ததாகவே தோன்றாது.

அந்த அறுவடையில் வந்த நிறைவு-1 பருப்பை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோகிலவாணி சின்ன வெங்காயம், முருங்கைக்காய் போட்டுச் சாம்பார் வைத்தாள். தெய்வசிகாமணி ஐந்து வாய் சாப்பிட்டார். கையை எடுத்தார்.

“ஏனுங்க, உப்பு சாஸ்தியா?”

“இல்லியே. அருமையா இருக்குது.”

“புளி?”

“எல்லாம் சரியாத்தான் இருக்குது.”

“பின்ன ஏன் எந்திரிக்கறீங்க?”

“போதும்.”

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். “எங்க உண்டுட்டு வந்தீங்க?”

“எங்கயும் இல்ல, கோகிலா.”

“பொய் சொல்லாதீங்க.” அவள் அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்தாள். பிரியாணி வாசம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. பிரியாணி கூட இல்லாமல் ஒரு மனுஷன் வெளியே எதற்குச் சாப்பிட வேண்டும்? கோபத்தோடு தனக்கு ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு வாய்தான். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே நிமிர்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்:

“எனக்கும் போதுமாட்ட இருக்குதுங்க.”

இருவரும் நிறைந்திருந்த குழம்புச் சட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தாள். வாசம் தெருமுனை வரை போனது. தெய்வசிகாமணிக்கு அது நல்ல குழம்பு என்று தெரிந்தது. ஆனால், அடுத்த வீட்டுக்காரருக்கு பதவி உயர்வு கிடைத்தது மாதிரி, அந்தச் செய்தி அவரோடு சம்பந்தப்படாமல் நின்றது. அன்று மத்தியானம் அவர் ஆய்வகத்துக்குப் போய், வெந்த பருப்பைச் சோதித்துப் பார்த்தார். அரை மணி நேரம் கொதித்த பிறகும் அந்தப் புரதம் அப்படியே இருந்தது.

“புழுவோட குடலுக்கும் நம்ம குடலுக்கும் ஐம்பது கோடி வருஷத்துக்கு முந்தின உறவு இருக்கு. நான் அதை மறந்துட்டேன்” என்று இயக்குநருக்குத் தொலைபேசியில் சொன்னார். “சார், இதைச் சாப்பிட்டா மனுஷனுக்கும் பசி நின்னுடுது.”

“பசி நிக்குதா? வாந்தி, மயக்கம், பேதி ஏதாவது?”

“இல்ல சார். பசிதான் இல்ல.”

“தெய்வசிகாமணி, இந்த நாட்டுல ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் எதை ஒழிக்கணும்னு பாடுபட்டாங்களோ, அதை நீங்க சாம்பார்ல ஒழிச்சிருக்கீங்க. அதைப் புகார் மாதிரி சொல்றீங்களே!”

“பசி போயிடுது சார். ஆனா உடம்புக்கு வேண்டிய சோறு உள்ள போகலையே. நான் ஒரு மாசத்துல ஒன்பது கிலோ இளைச்சுட்டேன்.”

“நல்லதுதானே? உங்களுக்கு அது ரொம்ப நாளா தேவைப்பட்டது” என்று சொல்லி ஞானப்பிரகாசம் போனை வைத்தார்.

தெய்வசிகாமணி விதைக் குழுவுக்கு எழுதினார். எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘பக்கவிளைவுகளின் அட்டவணையில் பசி என்பது இல்லை. எனவே பசியின்மையும் இல்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’

இந்த மூன்று வட்டாரங்களிலும் விளைந்த பருப்பில் பெரும்பகுதியைச் சென்னியப்பன் என்பவர் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரில் அவருக்குப் பெரிய பனியன் கம்பெனி. ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் கம்பெனி கேன்டீனில் மத்தியானச் சாப்பாடு. பூவாத்தாவின் மகள் தர்ஷினி அங்கே செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் பனியன்களில் தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

முதல் இரண்டு மாதம் தர்ஷினிக்கு ஒரே சந்தோஷம். பழைய சுடிதார் எல்லாம் மறுபடியும் உடம்புக்குச் சரியானது. தோழிகள் என்ன டயட் என்று கேட்டார்கள். தோழிகளும் அதே கேன்டீனில்தான் சாப்பிட்டார்கள் என்பதால், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பூவாத்தா, “சோறு உண்டுட்டுப் படு கண்ணு” என்றால், “பசிக்கலம்மா” என்பாள். கேன்டீன் சோறு ருசியாக இருக்கிறது போல என்று பூவாத்தா நினைத்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தர்ஷினி பனியன் குவியல் மேலே சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று சூப்பர்வைசர் இரண்டு முறை திட்டினார். மூன்றாம் முறை திட்டும்போதுதான் அவள் மயங்கிக் கிடப்பது தெரிந்தது. அந்த வாரத்தில் அவள் ஆறாவது ஆள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய கண் இமையை விலக்கிப் பார்த்து, “ஏம்மா, சாப்பிடறதே இல்லையா?” என்றார்.

“சாப்புடறேன் சார்.”

“எவ்வளவு?”

தர்ஷினி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். பூவாத்தா அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்தவுடன் அவளுக்கு வேறெதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்த உட்காரும் விதம், இந்தக் கவலையில்லாத முகம், இந்த மெலிவு எல்லாம் அவள் கிண்ணத்தில் பார்த்ததுதான்.

திங்கட்கிழமை அவள் தெய்வசிகாமணியின் அறைக்குப் போனாள். இந்த முறை தட்டு இல்லை.

“என்ற புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குதுங்க. பசிக்கலீன்னு சொல்லிச் சொல்லியே எலும்பாப் போயிட்டா. உங்க துவரை அவகிட்டவும் பொய் சொல்லிப் போட்டுதுங்க.”

தெய்வசிகாமணியின் சட்டை இப்போது அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ரசாயனத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எழுந்து, கம்பெனிக்குக் கிளம்பினார்.

சென்னியப்பன் தங்கமான மனுஷர் என்று பேர் எடுத்தவர். எழுந்து நின்று கும்பிட்டு, நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜன்னல் வழியாகக் கேன்டீனைக் காட்டினார். வாசலில் பெரிய பலகை: ‘அளவில்லாச் சாப்பாடு. கேட்டு வாங்கிச் சாப்பிடவும்.’

“நானு யாரையும் பட்டினி போடலீங்க, டாக்டர். சோறு, சாம்பார், பொரியல், மோர், எல்லாம் வேணுங்கிற மட்டுக்கும். நானே போயி, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்கன்னு கெஞ்சறனுங்க. ஒருத்தரும் போட்டுக்க மாட்டேங்கறாங்க. நானென்ன ஊட்டியா வுட முடியும்?”

“நீங்க வேற பருப்பு வாங்கினாப் போதுங்க.”

“இதும் நல்ல பருப்புதானுங்க? கவர்மெண்டு சர்டிபிகேட் இருக்குது. அதுல உங்க கையெழுத்தும் இருக்குது.” சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடுதான் கேட்டார். “எனக்கொரு சந்தேகமுங்க. பசிச்சவனுக்குச் சோறு போடலீன்னா பாவம். சரி. பசிக்காதவனுக்குப் போடலீன்னா அதுல என்னங்க பாவம்?”

அந்த நேரம் சென்னியப்பனின் வீட்டுச் சாப்பாடு கேரியரில் வந்தது. நான்கு அடுக்கு. பாசிப்பருப்புக் கடைசல்.

“உங்க வீட்டுல துவரம்பருப்பு சேக்கறதில்லீங்களா?” என்று தெய்வசிகாமணி கேட்டார்.

“எனக்கு நல்லாப் பசிச்சு உண்டாத்தானுங்க உண்ட மாதிரி இருக்கும்” என்றார் சென்னியப்பன். சொன்ன பிறகு, சொன்னது காதில் விழுந்தது போலக் கொஞ்ச நேரம் கேரியரைத் திறக்காமல் இருந்தார். ஆனால் கடைசியில் திறந்தார்.

தெய்வசிகாமணி நிலையத்துக்குத் திரும்பியபோது பூவாத்தா, புழு வளர்க்கும் பூச்சிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“சார், ஒண்ணு காட்டோணும். வாங்க.”

கூடத்தின் மூலையில், துணி போட்டு மூடிய ஒரு அடுக்கு இருந்தது. துணியை விலக்கினாள். உள்ளே முப்பது முப்பத்தைந்து கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் நிறைவு-1 காய். ஒவ்வொரு காயிலும் ஓட்டை. ஓட்டைக்குள் தலையை நுழைத்தபடி, கொழுகொழுவென்று ஒரு புழு.

“இது... நம்ம துவரைதானா?”

“நம்முளுதேதானுங்க. வருசா வருசம் துவரங்காட்டுலிருந்து புதுப் புழு புடிச்சாந்து சேப்பனில்லீங்களா? போன பருவத்துல கொண்டாந்ததுல மூணு புழு மட்டும் நிறுத்தாம தின்னுச்சுங்க. துவரை என்ன சொன்னாலும் அதுக்குக் காது கேக்கறதில்லையாட்ட. தனியா எடுத்து வளத்துனன். இது ரெண்டாம் தலைமுறைங்க. மொத்தமும் திங்குது.”

தெய்வசிகாமணி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எப்பலிருந்து தெரியும்?”

“ரெண்டு மாசமா.”

“ஏன் சொல்லல?”

பூவாத்தா துணியை மடித்தாள். மறுபடியும் பிரித்து மடித்தாள். “சொன்னா உங்க துவரை போயிருமுங்க. பதினோரு வருசம் அந்தத் துவரங்காட்டுல வெயில்ல நின்னீங்க. பாத்தவ நானு. எப்படிங்க சொல்லுவன்? இப்ப என்ற புள்ள படுத்துட்டா. இனி மறைக்க முடியலீங்க.”

அவர் லென்ஸை எடுத்தார். புழு விதையைச் சுரண்டியது, விழுங்கியது, அடுத்த விதைக்கு நகர்ந்தது, அதையும் சுரண்டியது. நடுவில் ஒரு நொடி கூட நிற்கவில்லை. தெய்வசிகாமணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பசின்னா இப்படித்தான் இருக்கும், இல்ல?” என்றார்.

“ஆமாங்க.”

“எனக்கு மறந்தே போச்சு, பூவாத்தா.”

விதைக் குழுவின் சட்டத்தில் ஒரு விதி உண்டு. எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தைத் தின்னக்கூடிய புழு ஒன்று வயலில் கிடைத்தாலும், அதை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நிரூபணமானால் ரகத்தை நிறுத்திவைக்க வேண்டும். மனிதர்கள் சாப்பிடாமல் போனால் என்ன செய்வது என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. தெய்வசிகாமணி அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார். தன் ரகம் தோற்றுவிட்டது என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனுஷனுக்காக எழுதிய கடிதத்துக்கு எட்டு வாரம் பிடித்த பதில், புழுவுக்காக எழுதியபோது இரண்டே நாளில் வந்தது. ஐந்து பேர் கொண்ட குழு நேரில் வருகிறது.

வந்தார்கள். கூடவே ஞானப்பிரகாசமும் வந்தார். பூச்சிக்கூடத்தின் நடு மேசையில் ஒரு கண்ணாடித் தட்டு, அதில் நிறைவு-1 காய், அதன் பக்கத்தில் பூவாத்தாவின் புழுக்களிலேயே பெரிய புழு. எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

புழு அசையவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். புழு காய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைத் தூக்கி வைத்தபடி, தியானத்தில் இருப்பது போல இருந்தது.

“இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?” என்றார் குழுத் தலைவர். அவர் ஒரு ஓய்வுபெற்ற பூச்சியியல் பேராசிரியர். ஆனால் கடைசியாகப் பூச்சியைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“எதிர்ப்புத் திறன் பிரமாதமா வேலை செய்யுது” என்று ஞானப்பிரகாசம் சிரித்தார். “டாக்டருக்குத் தன் பிள்ளை மேலேயே நம்பிக்கை இல்ல.”

பூவாத்தா குனிந்து புழுவின் தலையைப் பார்த்தாள். பின்பக்கமாகப் போய் அங்கிருந்தும் பார்த்தாள்.

“தோலுரிக்கப் போகுதுங்க. அதான் திங்கல. தோலுரிக்கற அன்னைக்கு எந்தப் புழுவும் திங்காதுங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அது அவசரப்படுத்துனா ஆகறதில்லீங்க. ரெண்டு மணி நேரம். மூணும் ஆகலாம்.”

“வேற புழு இல்லையா?”

“எல்லாம் ஒரே நாள்ல பொறந்ததுங்க, சார். அத்தனையும் தோலுரிக்குது.”

ஐந்து அதிகாரிகளும் ஒரு இயக்குநரும் ஒரு விஞ்ஞானியும் ஒரு புழு உடை மாற்றுவதற்காகக் காத்திருந்தார்கள். டீ வந்தது. ஒருவர் விமானத்தைத் தவறவிட்டார். இரண்டே முக்கால் மணிக்குப் புழுவின் தலைக்குப் பின்னால் தோல் வெடித்தது. நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. முதல் வேலையாகத் தன் பழைய தோலைத் தின்றது.

“அது கணக்கில் வராது” என்றார் ஞானப்பிரகாசம்.

பிறகு புழு காயை நோக்கித் திரும்பியது. ஓட்டை போட்டது. தலை உள்ளே போனது. பாதி உடம்பு உள்ளே போனது. வெளியே வால்புறம் மட்டும் தெரிந்தது. ஒரு விதை காலி. இரண்டாவது விதை காலி. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் நம்பிக்கை வராமல், “இது வெறும் காயைத்தான் தின்னுதா, இல்ல...” என்று, பக்கத்துக் கிண்ணத்தில் பசி மறந்து படுத்திருந்த ஒரு சாதாரணப் புழுவை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார்.

“அய்யோ, வெக்காதீங்க சார்” என்றாள் பூவாத்தா.

தாமதமாகிவிட்டது. பெரிய புழு காயிலிருந்து வெளியே வந்து, பக்கத்தில் இருந்ததையும் தின்றது. குழுத் தலைவர் இரண்டடி பின்னால் போய், “போதும்” என்றார். புழு கேட்கவில்லை.

மறுவாரம் உத்தரவு வந்தது. ‘காய்ப்புழுக்களிடையே பசியுணர்வு மீண்டும் காணப்படுவதால் நிறைவு-1 உடனடியாகத் திரும்பப் பெறப்படுகிறது.’ தர்ஷினியைப் பற்றியோ, பனியன் குவியலில் சாய்ந்த மற்ற ஐந்து பேரைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பூவாத்தாவுக்கு அதில் வருத்தமில்லை. மூன்றாவது வாரம் தர்ஷினி வீட்டு நடுக்கூடத்தில் நின்று, “அம்மா, என்ன இருக்குது? வயிறு கிள்ளுது” என்று கத்தினாள். பூவாத்தா சட்டியோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். கம்பெனியில் பசி அதே வாரத்தில் ஆயிரத்து இருநூறு பேருக்கும் திரும்பி வந்தது. பன்னிரண்டே முக்காலுக்குச் சோறு தீர்ந்துபோய், சென்னியப்பன் தானே மூட்டை அரிசியோடு சமையலறைக்கு ஓடினார் என்று சொன்னார்கள்.

தெய்வசிகாமணிக்கு மட்டும் வரவில்லை. இந்தப் புரதம் உடம்பில் என்னென்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க, மற்ற எல்லோரையும்விட அதிகமாக அதைச் சாப்பிட்டவர் அவர்தான். உத்தரவு வந்த நாள் வரை, தினமும், குறிப்பெடுத்துக்கொண்டே. மனைவியின் முகத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்து மூன்று வேளை சாப்பிட்டார். கோகிலவாணி இப்போது சின்னக் குக்கரில்தான் சமைத்தாள். பெரிய குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், பதினோரு மணிக்கு, ஞானப்பிரகாசம் கையில் ஒரு கோப்போடு நிலையத்துக்கு வந்தார்.

“நிறைவு-2” என்றார். “ரெண்டு மரபணு. ஒண்ணு பொய்ச்சுப் போனாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். அந்தப் பெரிய புழு கூட ஒரு கடியில எந்திரிச்சிடும். மேலிடத்துல எல்லாருக்கும் சம்மதம். நீங்கதான் தலைமை. இங்கே ஒரு கையெழுத்து.”

“மனுஷங்களுக்கு?”

“அதைப் பின்னாடி பார்த்துக்கலாம். அட்டவணையில இல்லாத விஷயத்தை...”

அப்போது அறையில் ஒரு சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் மேசையை இழுத்தது போல. ஞானப்பிரகாசம் பேச்சை நிறுத்தினார். தெய்வசிகாமணி தன் வயிற்றின் மேல் கை வைத்தார். மறுபடியும் கேட்டது, இன்னும் நீளமாக. அவர் முகம், வெளியூரிலிருந்து வந்த பிள்ளையின் குரலை வாசலில் கேட்டவர் முகம் மாதிரி ஆனது.

“மன்னிக்கணும் சார். எனக்குப் பசிக்குது.”

“ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்களேன்.”

“இல்ல சார். தாங்கல.”

வண்டியில் ஏறும்போதே மனைவிக்குப் போன் செய்தார். “கோகிலா, வீட்டுல என்ன இருக்குது?”

“நெசமாத்தான் கேக்கறீங்களா?”

“நெசமாத்தான். சீக்கிரம்.”

அவர் வீட்டுக்குப் போவதற்குள் அவள் முந்தின நாள் கறிக்குழம்பைச் சூடாக்கி, தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். அவர் நின்றபடியே ஆரம்பித்தார். அவள் ஊற்றினாள், எடுத்தாள், ஊற்றினாள். மாவு தீர்ந்தபோது, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். போகிற வழியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். வாயில் தோசை இருந்ததால் எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது, சாயங்காலத்துக்கு என்று மீதித் தோசையையும் குழம்பையும் ஒரு கேரியரில் போட்டுக் கொடுத்தாள்.

மூன்று மணிக்குத் திரும்பினார். ஞானப்பிரகாசம் கோபமாக இருப்பார் என்று நினைத்தார். அவர் நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பு மேசையில் திறக்காமல் கிடந்தது.

“வாங்க, வாங்க. அவசரமே இல்ல” என்றார். “உங்க நிலையத்துக் கேன்டீன்ல சாப்பிட்டேன். சாப்பிட்டேன்னு கூடச் சொல்ல முடியாது. ஒரு கரண்டி சாம்பார்தான். அப்படியே நிறைஞ்சு போச்சு. மனசுக்கும் என்னமோ அமைதியா இருக்குது. எதுவும் வேணும்னே தோணல.”

வாசலில் பூவாத்தா நின்றிருந்தாள். தெய்வசிகாமணி அவளைப் பார்த்தார்.

“சமையல்காரரு நம்ம பழைய துவரையில ஒரு மூட்டை எடுத்து வெச்சிருந்திருக்காருங்க” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். “ஓட்டையே இல்லாத நல்ல பருப்பாச்சே, பெரியவங்க வந்தாப் போடலாம்னு.”

தெய்வசிகாமணி கேரியரைத் திறந்து மேசையில், கோப்பின் மேலேயே வைத்தார்.

“சாப்பிடுங்க, சார்.”

“ஐயையோ, எனக்குத் துளிகூடப் பசியில்லைய்யா.”

“தெரியும் சார். தர்ஷினிக்கும் பசிக்கல.”

“தர்ஷினியா? யாரு அது?”

தெய்வசிகாமணி எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்றேன். சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க” என்றார்.

பூவாத்தா அவருக்கு ஒரு தட்டுக் கழுவி எடுத்துவரப் போனாள்.